500 டாலரை எதில் போடுவது: டிரிகரா, பேரலா, தோட்டாவா, வேறு ரைஃபிளா?

அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் தம்பி ஒருவர், மதுரைக்காரர், சென்ற மாதம் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். 50 கஜத்தில் சுட்ட மூன்று ஓட்டைகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. "அண்ணா, பேரலைச் சுத்தம் செய்துவிட்டுச் சுட்டது" என்றார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அதன் கீழிருந்து இன்னொரு காகிதம் வந்தது. அதே ரைஃபிள், அதே தோட்டா, அடுத்த சனிக்கிழமை. இந்த முறை ஓட்டைகள் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் மறையாத அளவுக்குச் சிதறியிருந்தன.

"பேரலில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். 500 டாலர் எடுத்து வைத்திருக்கிறேன். பேரலை மாற்றட்டுமா, டிரிகரை மாற்றட்டுமா, இல்லை இதை விற்றுவிட்டு ஒரு போல்ட் ஆக்‌ஷன் வாங்கிவிடட்டுமா?"

அவரிடம் இருப்பது ரூகர் 10/22, ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி. போல்ட் ஆக்‌ஷனில் அதைக் கையால் ஏற்ற வேண்டும். 1964-இல் வந்த ரைஃபிள். இன்றும் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பாயின்ட் டூ டூக்களில் (.22 அங்குலக் குழல் கொண்ட ரைஃபிள்களில்) ஒன்று. வடிவமைப்பு எளிது என்பதால் இதற்கு உதிரி பாகங்கள் செய்வதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. ரூகர் செய்த பாகம் ஒன்றுகூட இல்லாமல் முழு 10/22 ஒன்றைக் கட்டிவிட முடியும். சட்டத்தின் கண்ணில் எண் பொறித்த ரிசீவர் (பேரலும் டிரிகரும் பொருந்தும் உடல்) மட்டுமே துப்பாக்கி. மற்றதெல்லாம் தபாலில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆசைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? நானும் அந்த ஆசையில் விழுந்து, வாங்க வேண்டிய வரிசையைத் தலைகீழாக வாங்கியவன். முதலில் பேரல், பிறகு அது உட்காரப் புது ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), பிறகு டிரிகர், கடைசியில்தான் தோட்டா. செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் தரவில்லை. தம்பிக்குச் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று ஓட்டைகள்

என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ சுட்டவர்களுக்கு 'குரூப்பிங்' என்ற சொல் பழக்கமானது. தரையில் படுத்து, கொடுத்த ஐந்து ரவுண்டைச் சுட்டுவிட்டு, எல்லாம் ஓரிடத்தில் கொத்தாக விழுந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்போம். அங்கே அது போதும். சுடுபவர் அசையாமல் சுட்டாரா என்பதுதான் கேள்வி. ரைஃபிளில் 500 டாலர் போடலாமா என்று முடிவெடுக்க அது போதாது.

காரணம் எளிய கணக்கு. ஒரு ரைஃபிள் குண்டுகளைச் சிதறவிடும் விதம் மாறாமல் இருக்கும்போதே, மூன்று குண்டுக் கொத்தைவிடப் பத்துக் குண்டுக் கொத்து சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக வரும். ஐந்துக்கும் பத்துக்கும் இடையிலேயே கால் பங்கு வித்தியாசம். ஆகவே மூன்று குண்டில் "அரை அங்குலம் சுடும் ரைஃபிள்" என்று ஒருவர் சொன்னால், அவர் ரைஃபிளைப் பற்றிச் சொல்வதைவிடத் தன் சிக்கனத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறார்.

இதைவிடப் பெரிய வம்பு, கொத்துக்குக் கொத்து வரும் ஏற்ற இறக்கம். சிதறல் இயல்பான பரவல்படி நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து குண்டுக் கொத்தின் அளவு அதன் சராசரியிலிருந்து சுமார் 26 சதவீதம் இப்படியும் அப்படியும் ஊசலாடும். சராசரி 20 மி.மீ. சுடும் ரைஃபிள், எதுவுமே மாறாமல், காலையில் 12 மி.மீ. கொத்தும் மதியம் 28 மி.மீ. கொத்தும் தரும். நடுவில் நீங்கள் பேரலைத் துடைத்திருந்தால் பழியோ புகழோ அந்தத் துணிக்குப் போய்ச் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் எத்தனை கொத்து சுட வேண்டும்?" என்று கேட்டார். அது நீங்கள் தேடும் வித்தியாசத்தைப் பொறுத்தது. இரண்டு தோட்டா வகைகளைத் தலா எட்டுக் கொத்து சுட்டு ஒப்பிட்டால், 25 சதவீதத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 10 சதவீத முன்னேற்றத்தை உறுதியாகப் பிடிக்க வேண்டுமென்றால், என் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஐந்து குண்டுக் கொத்துகள் வேண்டும். அதாவது 250 தோட்டாவுக்கு மேல் அந்தப் பக்கம், அதே அளவு இந்தப் பக்கம். "இந்தச் சிறு பாகத்தை மாட்டினேன், கொத்து கொஞ்சம் சுருங்கியது" என்ற விளம்பர வாசகங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். பாதிப் பேர் எதையும் அளக்கவே இல்லை.

இன்னொரு விதி உண்டு, அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம்: தப்பிப்போன குண்டைக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. "நான்கு அழகாக விழுந்தன, ஐந்தாவது மட்டும் என் கை ஆடிவிட்டது" என்பதை ஓட்டையைப் பார்த்த பிறகு சொல்லக் கூடாது. குண்டு கிளம்பிய நொடியில், ஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நான் ஒரு நாள் முழுக்க அப்படிச் சொல்லிச் சுட்டுப் பார்த்தேன். என் கை ஆடியதாக நான் சொன்ன குண்டுகளில் பல நடுவில் விழுந்தன. ஆடவில்லை என்று நினைத்தவை வெளியே போயிருந்தன.

எவ்வளவு சுட்டால் நல்லது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு போட்டி இலக்கிலிருந்து வருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடப்படுவது இதே .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாதான். அந்த இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. கோட்டை உரசினாலே புள்ளி உண்டு என்ற காகித இலக்குக் கணக்கில், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. ஆக, எப்போதும் 16 மி.மீ.க்குள் சுடும் ரைஃபிளிடம் இனிமேல் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை இருந்தால் அது தோளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 10/22 சாதாரணத் தோட்டாவோடு 50 கஜத்தில் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை சுடுவது வழக்கம். தகர டப்பாவுக்கும் அணிலுக்கும் அது தாராளம். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொல்வதுண்டு. இங்கே கூடமும் கொஞ்சம் கோணல்தான். எவ்வளவு கோணல் என்பதை அளந்துவிட்டுப் பேச வேண்டும்.

தோட்டா: முதல் 80 டாலர்

நான்கு வழிகளில் மிகவும் மலிவானதும், மிகவும் அதிகமாகப் பலன் தருவதும் இதுவே. ஆனாலும் யாரும் இதிலிருந்து தொடங்குவதில்லை. கையில் வைத்துப் பார்த்து மகிழ எதுவும் மிஞ்சாதே!

.22 எல்.ஆர். 1887-இல் பிறந்தது. இதில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை நடுவில் தனிக் கிண்ணத்தில் இல்லை. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் சுற்றிலும் பரப்பப்பட்டிருக்கிறது. விளிம்பில் ஊசி அடித்தால் நெருப்புப் பிடிக்கிறது. விளிம்பைச் சுற்றி அந்தக் கலவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு குண்டின் வேகமும். பெரிய ரைஃபிள்காரர்கள் தோட்டாவை வீட்டிலேயே மீண்டும் நிரப்பி, தங்கள் ரைஃபிளுக்கு ஏற்ப மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆலை என்ன தருகிறதோ அதுதான். ஆகவே தேர்ந்தெடுப்பது ஒன்றே நம் கையில் இருக்கும் கருவி.

வேகம் மாறினால் என்ன ஆகும்? ஒரு குண்டு இன்னொன்றைவிட நொடிக்கு 30 அடி மெதுவாகப் போனால், 50 கஜத்தில் சுமார் 6 மி.மீ. கீழே விழும். 100 கஜத்தில் அதே வித்தியாசம் 25 மி.மீ. ஆகிவிடும். பேரலை மாற்றி இதைத் திருத்திவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

"வேகமான தோட்டா என்றால் நேராகப் போகும்" என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. அதற்குக் கீழேயே பயணம் செய்யும் தோட்டாக்கள், உதாரணமாக 1,070 அடி வேகத்தில் கிளம்பும் சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, அந்த எல்லையைக் கடக்கும்போது வரும் குழப்பத்துக்கு ஆளாவதில்லை. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் இது 50 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஒதுங்கும். 1,250 அடி வேகத் தோட்டா அதே காற்றில் ஒன்றரை அங்குலம் ஒதுங்கும். வேகமானதுதான் அதிகம் ஒதுங்குகிறது. முதலில் நானும் நம்பவில்லை. காற்றில் இழக்கும் நேரம்தான் ஒதுக்கத்தைத் தீர்மானிக்கிறது. வேகமான குண்டு ஒலியெல்லையின் அருகே அந்த நேரத்தை அதிகமாக இழக்கிறது.

தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான். ஐந்து வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் 50 கொண்ட ஒரு பெட்டி. மலிவில் ஒன்று, சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு, எஸ்.கே. வகையில் ஒன்று, ஈலி வகையில் ஒன்று, லாபுவா சென்டர்-எக்ஸ். (எஸ்.கே.யும் லாபுவாவின் ரிம்ஃபயர் தோட்டாவும் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் ஒரே ஆலையில் தயாராகின்றன. விலை மட்டும் ஒன்றல்ல.) ஒவ்வொரு பெட்டியிலும் முதல் பத்தை அளக்காமல் சுட்டுவிட வேண்டும், ஒவ்வொரு நிறுவனமும் குண்டின்மேல் பூசும் மெழுகு வேறு, புதிய மெழுகு பேரலுக்குள் படிந்து பழக அவ்வளவாவது தேவை. மீதி 40, எட்டுக் கொத்து. ஒரே நாளில் வரிசையாகச் சுட்டால் கடைசிப் பெட்டிக்கு மதியக் காற்றும் சோர்ந்த கண்ணும் வந்து சேரும் என்பதால், இரண்டு நாளாகப் பிரித்து, இரண்டாம் நாள் வரிசையைத் திருப்பிச் சுட வேண்டும். அன்றும் பெட்டி மாறும்போது மெழுகு பழக, தம்பி முன்பு வாங்கிவைத்த உதிரித் தோட்டாக்களில் சில போகும். முதல் இரண்டு இடம் பிடித்தவற்றை இன்னொரு முறை மோதவிட வேண்டும், ஏனென்றால் ஐந்தில் ஒன்று அதிர்ஷ்டத்தாலேயே முன்னால் வந்திருக்கலாம்.

விலை உயர்ந்ததுதான் ஜெயிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு ரைஃபிளுக்குப் பிடித்தது பக்கத்து ரைஃபிளுக்குப் பிடிக்காது. ஒரே பெயரில் வரும் தோட்டாவிலேயே லாட்டுக்கு லாட்டு (ஒரே தடவையில் தயாராகும் தொகுதிக்குத் தொகுதி) மாறும். அதனால்தான் ஈலி, லாபுவா போன்றவை சோதனைக் கூடங்களை வைத்திருக்கின்றன. போட்டிக்காரர்கள் ரைஃபிளைக் கொண்டுபோய்ப் பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள். நம் அளவில் பிடித்த பெட்டியின் லாட் எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் ஓர் ஆயிரம் தோட்டா கிடைக்கிறதா என்று கடையில் கேட்டால் போதும்.

டிரிகர்: வாங்கலாம், ஆனால் காரணம் தெரிந்து

சாதாரண 10/22-இன் எடை சுமார் 5 பவுண்டு. அதன் ஆலை டிரிகரை இழுக்கத் தேவைப்படும் விசையோ 6 பவுண்டை ஒட்டியது. ஐந்து பவுண்டுப் பொருளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அதை ஆறு பவுண்டு விசையால் இழுக்க வேண்டும். வழக்கறிஞர்களுக்குப் பயந்து பல நிறுவனங்கள் இப்படித்தான் விற்கின்றன. ரூகரே விற்கும் பி.எக்ஸ். டிரிகர் இரண்டரை முதல் மூன்று பவுண்டுக்குள் வருகிறது. நூறு டாலரை ஒட்டிய விலை. ஸ்டாக்கைக் கழற்றி இரண்டு ஊசிகளைத் தள்ளினால் பழைய டிரிகர் தொகுதி முழுதாக வெளியே வந்துவிடும், புதியது உள்ளே போகும். பத்து நிமிட வேலை. வோல்க்வார்ட்சன், கிட் போன்றவர்களின் டிரிகர்கள் இன்னும் துல்லியமானவை, விலையும் அதற்கேற்ப.

கறாராகச் சொன்னால் டிரிகர் ரைஃபிளின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை. ரைஃபிளை ஓர் இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டால் பழைய டிரிகரும் புதியதும் ஒரே கொத்தைத்தான் தரும். மாறுவது சுடும் ஆள். மணல் மூட்டைமேல் வைத்துச் சுடும்போது பலன் கொஞ்சம். நின்றோ படுத்தோ கையில் பிடித்துச் சுடும்போது பலன் பெரிது. இந்த நான்கில் நாள் முழுக்க, ஒவ்வொரு குண்டிலும், உடலால் உணரக்கூடிய ஒரே மாற்றம் இதுதான். அதனால் புள்ளிவிவரம் பார்க்காமலேயே நான் வாங்கச் சொல்லும் பாகமும் இதுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆலை டிரிகரின் உள்பாகங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இலகுவாக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சுத்தியலும் கொக்கியும் சந்திக்கும் அந்தச் சிறு விளிம்பின் கோணம் கெட்டுவிட்டால், கீழே விழுந்தாலோ லேசாகத் தட்டினாலோ தானாக வெடிக்கும் ஆயுதம் கையில் இருக்கும்.

பேரலா, புது ரைஃபிளா

தம்பிக்கு மனது இங்கேதான் இருந்தது. 10/22-இன் பேரல் ரிசீவரில் திருகப்படுவதில்லை. உள்ளே சொருகி, கீழே ஒரு வி வடிவக் கட்டையும் இரண்டு திருகாணிகளும் இழுத்துப் பிடிக்கின்றன. ஆறுகோணச் சாவி ஒன்று இருந்தால் சமையலறை மேசையிலேயே மாற்றிவிடலாம். கவர்ச்சி அங்கே தொடங்குகிறது.

நல்ல மாற்று பேரலில் என்ன கிடைக்கிறது? முக்கியமாக அதன் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் பின்முனைக் குழி. ஆலை சேம்பர் எந்தக் குப்பைத் தோட்டாவையும், அழுக்கேறிய நிலையிலும், சிக்காமல் ஏற்று வெளியேற்ற வேண்டும். ஆகவே கொஞ்சம் தளர்வாக வெட்டியிருப்பார்கள். தோட்டா அதில் துல்லியமாக மையத்தில் நிற்பதில்லை. மாற்று பேரல்களில் பெரும்பாலும் பென்ட்ஸ் எனப்படும் இடைப்பட்ட அளவு இருக்கும். தளர்வும் குறைவு, தானியங்கி இயக்கமும் நிற்காது. இது உண்மையான முன்னேற்றம்தான். தோட்டா தேர்ந்த பிறகும் பேரலால் கொத்து சுருங்குவதைப் பலர் ஒழுங்காக அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு அங்கே நிற்காது. துல்லிய பேரல்கள் பெரும்பாலும் 0.920 அங்குலத் தடிமன். பழைய ஸ்டாக்கின் பள்ளத்தில் அது இறங்காது. எனவே புது ஸ்டாக். தடித்த பேரலின் எடையைத் தாங்க வேண்டியது அலுமினிய ரிசீவரும் அந்த இரண்டு திருகாணிகளும். முன்பக்கம் தொங்கும் அபாயம் உண்டு என்பதால் ஸ்டாக்கில் பேரலின் அடிப்பகுதிக்குச் சரியான தாங்கல் தேவை. பேரல், ஸ்டாக், டிரிகர் மூன்றும் சேர்ந்தால் 500 டாலரைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகும் ஒன்று மிஞ்சும்: இது அரைத் தானியங்கி. போல்ட் வேகமாக வந்து தோட்டாவை மேகசினிலிருந்து அள்ளி, மென்மையான ஈயக் குண்டின் மூக்கை உலோகத்தில் உரசவைத்துத்தான் உள்ளே தள்ளும். ஒவ்வொரு முறையும்.

அதே பணத்தில் மறுபுறம் என்ன இருக்கிறது? செக் நாட்டு உஹெர்ஸ்கி ப்ரோட் நகரின் சி.இசட். 457, 2019-இல் வந்தது. ஃபின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ். இரண்டின் எளிய வகைகளும் 500 டாலருக்கு மேல் அதிக தூரம் போகாத விலையில் நெடுங்காலம் கிடைத்தன. இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கையால் மெதுவாகத் தோட்டாவைத் தள்ளுவதால் சேம்பரை இறுக்கமாக வெட்ட முடிகிறது. 457-இன் டிரிகரை உரிமையாளரே சரிசெய்துகொள்ளலாம். பேரலையும் திருகாணி தளர்த்தி மாற்றலாம். போல்ட்டை உருவிவிட்டால் பின்பக்கத்திலிருந்து நேராக பேரலைச் சுத்தம் செய்யலாம். அதன் அருமை கீழே சொல்கிறேன்.

என் தீர்ப்பு: காகிதத்தில் சிறு ஓட்டை பார்ப்பதுதான் நோக்கம் என்றால், 10/22-க்கு பேரலும் ஸ்டாக்கும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் போல்ட் ஆக்‌ஷன் ஒன்று வாங்குங்கள். 10/22-ஐ விற்கவும் வேண்டாம். பழைய பொருளாக விற்றால் பெரிதாக எதுவும் தேறாது. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுத்தரும் நாளில் பத்துத் தோட்டாவைப் படபடவென்று தகர டப்பாக்கள்மேல் கொட்டும் சந்தோஷத்தை எந்த போல்ட் ஆக்‌ஷனும் தராது. ஸ்டீல் சேலஞ்ச் போன்ற வேகப் போட்டிகளில் இறங்குகிறவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குத் தானியங்கி வேண்டும், நல்ல பேரலும் வேண்டும், செலவைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

நடுவே ஒரு சட்டச் செய்தி, இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் எச்-1பி விசாக்காரர்கள் இருப்பார்கள் என்பதால். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கடைக்காரர் சொன்னார் என்று நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன சமையலறை மேசை வேலை எதுவும் பொருந்தாது. அங்கே ஆயுதச் சட்டமும் உரிமமும் வேறு உலகம்.

சுத்தம் செய்வது: ஒவ்வொரு முறையா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா

என்.சி.சி.யில் சுட்டு முடித்ததும் புல்-த்ரூ கயிற்றில் சிறு துண்டுத் துணியைக் கோத்து பேரலுக்குள் இழுக்கச் சொல்வார்கள். வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியவர்களுக்கு நான் சொல்லப்போவது கசக்கும்: பாயின்ட் டூ டூவின் பேரலை ஒவ்வொரு முறையும் துடைப்பதால் நன்மை இல்லை, துல்லியத்துக்குக் கெடுதலும் உண்டு.

இதில் போவது மெழுகு பூசிய ஈயக் குண்டு. உறையில்லாத ஈயம் என்பதால் செம்புப் படிவு கிடையாது. அதைக் கரைக்க விற்கும் அமோனியாத் திரவங்களால் இங்கே பயனில்லை. அழுத்தமும் குறைவு. சுடச் சுட பேரலுக்குள் ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு படிந்து ஒரு நிலைக்கு வந்து நிற்கிறது. அந்த நிலையில்தான் ரைஃபிள் நன்றாகச் சுடுகிறது. துடைத்து வெறுமையாக்கினால் மறுபடி அந்த நிலைக்கு வரப் பத்து இருபது குண்டு பிடிக்கும். தம்பியின் மூன்று ஓட்டைகள் துடைத்த உடனே சுட்டவை என்பதால்தான் எனக்கு அதன்மேல் இரட்டைச் சந்தேகம்.

ஒருபோதும் துடைக்காதவர்கள் கட்சியும் முழுக்கச் சரியில்லை. சேம்பர் முடிந்து முறுக்குப் பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் கரி ஒரு வளையமாக இறுகும். சாதாரணத் துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இறுக்கமான சேம்பர் கொண்ட ரைஃபிள்களில் இந்த வளையம் விரைவில் தொல்லை தரும்: தோட்டா முழுதாக உட்கார மறுக்கும், காரணமில்லாமல் குண்டுகள் விலகும். கரி கரைக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்து அந்த இடத்தில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் சில முறை தள்ளினால் போய்விடும். போர்ஸ்கோப் என்ற சிறு கேமராவை வாங்கினால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அதை வாங்கியவர்கள் பேரலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

ஆகவே நான் நடுக்கட்சி. போல்ட்டின் முகம், தோட்டாவை இழுக்கும் கொக்கி, சேம்பரின் வாய் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் துடைப்பேன். தானியங்கி சிக்குவது அங்கேதான். பேரலை, பதிந்துவைத்த சராசரியிலிருந்து கொத்துகள் தெளிவாகப் பெருகும்போது மட்டும். சராசரியைப் பதிந்து வைக்காதவர்களுக்கு இந்த வழி உதவாது.

எந்தப் பக்கத்திலிருந்து துடைப்பது என்பது எத்தனை முறை என்பதைவிட முக்கியம். 10/22-இன் ரிசீவருக்குப் பின்பக்கம் மூடியிருக்கிறது. கம்பியை முனைப் பக்கத்திலிருந்துதான் விட முடியும். (அதற்காகவே ரிசீவரின் பின்னால் துளை போட்டுத் தருகிறார்கள்.) நான் முதல் இரண்டு வருடம் மூன்று துண்டாக இணைக்கும் இரும்புக் கம்பியை, வழிகாட்டிக் குழாய் எதுவுமில்லாமல், முனையிலிருந்து விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். குண்டு பேரலைவிட்டு வெளியேறும் அந்தக் கடைசி விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இணைப்புகள் உரசி உரசி என் ரைஃபிளில் ஒரு பக்கம் மழுங்கிவிட்டது. சுட்டதால் அந்த பேரல் கெடவில்லை, துடைத்ததால் கெட்டது. புது பேரல் வாங்கியதன் நிஜக் காரணம் இது. வெளியில் "மேம்படுத்துகிறேன்" என்று சொல்லிக்கொண்டேன். இப்போது 10/22-க்கு, பின்னாலிருந்து முன்னுக்கு இழுக்கும் கயிறுதான். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையில் ஒரு முனையைச் சூட்டில் தட்டையாக்கித் துணியைக் கோத்தால் காசில்லாமல் ஒன்று தயார்.

கையை மறக்க வேண்டாம். பற்றவைக்கும் கலவையிலும் ஈயம், குண்டிலும் ஈயம். துடைத்த துணியைச் சமையலறையில் வைக்காதீர்கள், குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், சின்னக் குழந்தைகளை அந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

செலவில்லாத இரண்டு

ஸ்டாக்கையும் ரிசீவரையும் இணைக்கும் திருகாணி ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; பேரலைக் கட்டும் வளையம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். ஸ்கோப்பின் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை) 50 கஜத்துக்குச் சரிசெய்து அமைந்ததா என்பதையும் கவனியுங்கள். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ அமைந்தவை. 50 கஜத்தில் தலையைச் சற்று நகர்த்தினால் குறியும் நகரும். ரைஃபிள் அசையாமல் இருக்க, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஐந்து பெட்டித் தோட்டாவும் பி.எக்ஸ். டிரிகரும் வாங்கினார். டிரிகரை மட்டும் இன்னும் மாட்டவில்லை. முதலில் பழைய டிரிகரோடு 40 கொத்தையும் சுட்டு முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் நாள் முடிந்துவிட்டது. அவர் அதிகம் நம்பியிருந்த விலையுயர்ந்த பெட்டி மூன்றாவது இடத்தில் நிற்கிறது. மீதிப் பணத்தைத் தொடவில்லை. என் 457-இல் அதே தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கலாமா என்று திங்கட்கிழமை கேட்டார். இந்தச் சனிக்கிழமை போகிறோம். பத்து மணிக்கு மேல் காற்று 12 மைல் என்று வானிலை சொல்கிறது, ஆகவே ரேஞ்சு திறக்கும் ஏழு மணிக்கே வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.